விடி என்றால் என்ன? ஒரு பழைய பாடத்துக்குத் திருத்தம்



கொஞ்சம் நீண்ட பதிவு. வேலைக்கு நடுவில் படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். 34 வருஷம் வகுப்பில் பேசிப் பழகிய வாய்க்குச் சுருக்கமாகச் சொல்ல இன்னும் வரவில்லை. ஆனால் இந்த முறை ஒரு காரணம் இருக்கிறது. என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்தவர்களுக்கு நான் ஒரு கடன் பாக்கி வைத்திருக்கிறேன். அதைத் தீர்க்கத்தான் இந்தப் பதிவு.

விஷயம் பேரனிடமிருந்து ஆரம்பித்தது. விடுமுறைக்குக் காஞ்சிபுரம் வந்தவன் கூடவே கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். "சிமுலேட்டர் தாத்தா" என்பான். எரிபொருள் கணக்கு, காற்றின் திசை, ஓடுபாதை எண் எல்லாம் நிஜத்தில் உள்ளபடியே இருக்க வேண்டுமாம். ஒருநாள் காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"தாத்தா, என் பிளேனுக்கு ஒரு நம்பர் வைக்கணும். நிஜ பிளேன் மாதிரியே இருக்கணும். நீங்க ஹிஸ்டரி சார்தானே, ஒண்ணு சொல்லுங்களேன்."

விமானத்தின் உடம்பில், வாலுக்குப் பக்கத்தில் எழுதியிருக்குமே, அந்தப் பதிவெண்ணைத்தான் கேட்கிறான். நம் ஊர் வண்டிக்கு டிஎன் 21 என்று இருப்பதுபோல, இந்தியாவில் பதிவான ஒவ்வொரு விமானத்துக்கும் முதலில் இரண்டு ஆங்கில எழுத்து: வி, டி. பிறகு ஒரு சிறு கோடு. அதன்பின் மூன்று எழுத்து. முதல் இரண்டும் நாட்டைச் சொல்லும். பின் மூன்றும் அந்த ஒரு விமானத்தைச் சொல்லும்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேப்பரை மடித்து வைத்தேன். "விடின்னா என்ன தெரியுமா? வைஸ்ராய்ஸ் டெரிட்டரி. வைஸ்ராயின் ஆட்சிப் பகுதி. வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் ஆகியும் அவன் போட்ட முத்திரை நம்ம விமானத்துல இருக்கு பாரு" என்றேன்.

உங்களில் பலருக்கு இந்த வாக்கியம் ஞாபகம் இருக்கும். ஆங்கிலேயர் ஆட்சிப் பாடம் முடியும் நாளில் கரும்பலகையில் இரண்டு எழுத்தையும் பெரிதாக எழுதி, அடியில் கோடு போட்டு, நாடகம் மாதிரி சொல்வேன். வகுப்பே 'ஆ' என்று கேட்கும். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பல வருஷம் சொல்லியிருக்கிறேன்.

பேரன் கேட்டான்: "அதுக்கு ஆதாரம் என்ன தாத்தா?"

அந்தக் கேள்வியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். கைலாசநாதர் கோயிலுக்கு உங்களையெல்லாம் அழைத்துப் போன நாட்களை நினைத்துப் பாருங்கள். காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயில் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அங்கே ஒரு தூணில் இருக்கிறது. அதன் முன்னால் உங்களை நிறுத்தி, "நம்ம கோயில்ல ஏன் கன்னட எழுத்துன்னு ஊகம் பண்ணாதீங்க. என்ன எழுதியிருக்கு, யார் எழுதினது, எப்போ எழுதினது, அதைக் கேளுங்க" என்று சொன்னவன் நான். அப்படிப்பட்டவன் இந்த இரண்டு எழுத்துக்கு மட்டும் ஆதாரம் கேட்கவே இல்லை. யாரோ சொன்னார்கள், கேட்க நன்றாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

அன்று மாலையே தேட உட்கார்ந்தேன். பேரனும் கூட உட்கார்ந்தான். தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

விமானம் வந்த புதிதில் எண்ணே கிடையாது. 1910 இல் மெட்ராஸ் மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டி'ஏஞ்சலிஸ் தாமே ஒரு விமானம் தயாரித்துப் பறந்து காட்டினார். பல்லாவரத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார். அதற்கு என்ன எண் தேவை? ஊரில் இருந்ததே அந்த ஒன்றுதான்.

முதல் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. விமானங்கள் எல்லை தாண்டிப் பறக்க ஆரம்பித்தன. வானத்தில் போவது யாருடையது என்று தெரிய வேண்டாமா? 1919 இல் பாரிஸில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. அதன்படி பிரிட்டனுக்கும் அதன் பேரரசுக்கும் சேர்த்து ஒரே எழுத்து, ஜி. அதற்குப் பின்னால் வரும் எழுத்தில்தான் வித்தியாசம். பிரிட்டன் விமானத்துக்கு ஜி-இ என்று தொடங்கும். கனடாவுக்கு ஜி-சி. இந்தியாவுக்கு ஜி-ஐ.

இதைக் கவனியுங்கள். நம் விமானத்தில் இந்தியாவைக் குறிக்கும் 'ஐ' இருந்த காலத்தில், அதற்கு முன்னால் பிரிட்டனின் 'ஜி' நின்றது. அடிமை முத்திரை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது 1927. வாஷிங்டனில் சர்வதேச வானொலித் தந்தி மாநாடு. அங்கே பேசியது விமானத்தைப் பற்றி மட்டும் அல்ல. கப்பல், கரையோர நிலையம், வானொலி, விமானம் என்று காற்றில் செய்தி அனுப்பும் எல்லாவற்றுக்கும் அடையாள எழுத்து வேண்டியிருந்தது. ஆங்கில அகரவரிசையைத் துண்டு துண்டாக வெட்டி நாடுகளுக்குப் பங்கு பிரித்தார்கள். ரேஷன் கடை மாதிரிதான். 'வி' வரிசையின் பெரும்பகுதி பிரிட்டிஷ் பேரரசைச் சேர்ந்த நாடுகளுக்குப் போனது. விஎச் முதல் விஎம் வரை ஆஸ்திரேலியா. விபி முதல் விஎஸ் வரை பிரிட்டனின் காலனிகள். அடுத்து விடி முதல் விடபிள்யூ வரை இந்தியா. 1929 முதல் நம் விமானங்கள் ஜி-யை விட்டு விடி-க்கு மாறின.

ஆக, டி என்பது டெரிட்டரியும் இல்லை, வி என்பது வைஸ்ராயும் இல்லை. எஸ்-க்கு அடுத்த எழுத்து டி, அவ்வளவுதான். நம் பங்கில் விடி மட்டுமா இருக்கிறது? வியூ-வும் இருக்கிறது. நம் நாட்டு அமெச்சூர் ரேடியோக்காரர்களின் அழைப்புக்குறி இன்றும் வியூ என்றுதான் தொடங்குகிறது. அதற்கு வைஸ்ராயை வைத்து விளக்கம் சொல்ல முடியுமா?

இலங்கையைப் பாருங்கள். காலனியாக இருந்தபோது அதன் விமானங்களுக்கு விபி-சி. காலனிகளுக்கான தொகுதியிலிருந்து வந்த எழுத்து. 1948 இல் சுதந்திரம் வந்ததும் சிஒய் ஆயிற்று. 1954 முதல் 4ஆர். காலனித் தொகுதியில் இருந்ததால் அவர்கள் வெளியே வந்தார்கள். இந்தியாவுக்கு அப்போதே தனித் தொகுதி கொடுத்துவிட்டதால் நமக்கு அந்த அவசியம் வரவில்லை.

இந்த வைஸ்ராய் கதை என்னோடு நின்றுவிடவில்லை. நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. 2022 இல் பொதுநல மனுவாக டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. எழுத்தை மாற்ற முடியாதா என்றால், ஆசைப்பட்ட எழுத்து கிடைக்க வேண்டுமே. இந்தியா என்று ஐ-யில் தொடங்கலாம் என்றால் 'ஐ' வரிசை இத்தாலிக்கு. பாரதம் என்று பி-யில் தொடங்கலாம் என்றால் அந்த வரிசை சீனாவுக்கு. நம்மிடம் ஏடி முதல் ஏடபிள்யூ வரையும், 8டி முதல் 8ஒய் வரையும் உள்ள தொகுதிகளும் உண்டு. ஆனால் அவற்றில் எது விடி-யைவிட அதிகம் இந்தியத்தன்மை உடையது? 1934 ஆம் வருஷத்து விமானச் சட்டத்தை 2024 இல் மாற்றி, பாரதீய வாயுயான் அதிநியம் என்று புதுச் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது.

பேரன் இன்னொன்று சொன்னான். "தாத்தா, தமிழ்ல எழுதினா இது 'விடி'ன்னு வருது. விடியலைத்தான் சொல்லுதுன்னு நாளைக்கு ஒருத்தர் ஃபார்வர்டு அனுப்பினா?" சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் வகுப்பில் செய்ததும் அதே வேலைதான். எழுத்தை முதலில் பார்த்துவிட்டு, பொருளைப் பிறகு ஒட்டவைத்தேன்.

சரி, பதிவெண் கதைக்கு வருகிறேன். விடி-க்குப் பின்னால் மூன்று எழுத்து. 26 ஐ மூன்று முறை பெருக்கினால் 17,576. இதில் எல்லாவற்றையும் வைக்க முடியாது. ஆபத்து அழைப்பான எஸ்ஓஎஸ் வைக்கக் கூடாது. க்யூ-வில் தொடங்கும் மூன்றெழுத்துகள் வானொலித் தந்தியில் வேறு பொருள் கொண்டவை, அவையும் கூடாது. மற்றவற்றில் எதையாவது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமா என்றால், விஷயம் தெரிந்தவன் பார்த்தவுடன் பொய் என்று சொல்லிவிடுவான். ஏன் தெரியுமா?

கல்வெட்டில் வருஷம் இல்லாவிட்டாலும் எழுத்தின் வடிவத்தை வைத்து எந்த நூற்றாண்டு என்று சொல்கிறோம் இல்லையா? விமானத்திலும் சுமாராக அப்படிச் சொல்லலாம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பஸ் மாத் விமானம் விடி-ஏடிஎன். (பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மெட்ராசுக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட்.) 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதல் சேவையாகப் புறப்பட்ட மலபார் பிரின்சஸ், விடி-சிக்யூபி. 1960களின் போயிங் 707 களில் ஒன்று விடி-டிஎம்என். 1971 இல் வந்த முதல் ஜம்போ, 'எம்பரர் அசோகா', விடி-ஈபிடி. ஏ, சி, டி, ஈ என்று காலம் நகர்வது தெரிகிறதா? பிற்காலத்தில் தனியார் நிறுவனங்கள் வந்தபின் தங்களுக்குப் பிடித்த எழுத்தைக் கேட்டு வாங்கினார்கள். இண்டிகோ விமானங்களுக்குப் பெரும்பாலும் ஐ, ஸ்பைஸ்ஜெட்டுக்கு எஸ். ஏர் இந்தியாவின் 787 விமானங்களில் ஏஎன் என்று தொடங்குபவை உண்டு.

எனவே பேரனுக்கு நான் சொன்ன முறை இது: முதலில் எந்த விமானம் என்று முடிவு செய். அது எந்தக் காலத்தில், எந்த நிறுவனத்தில் பறந்தது என்று பார். அந்த வரிசையிலிருந்து எடு. சின்னப் பயிற்சி விமானம் ஓட்டினால் வானொலியில் அந்தப் பதிவெண்ணையேதான் சொல்ல வேண்டும். பயணிகள் விமானம் என்றால் நிறுவனத்தின் பெயரையும் சேவை எண்ணையும் சொன்னால் போதும், பதிவெண் உடம்பில் மட்டும் இருக்கும்.

அவனுக்கு ஜம்போதான் வேண்டுமாம்.  அதன்மேல் அவ்வளவு ஆசை. பட்டியலைப் பார்த்து, தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, திரையில் விமானத்தின் உடம்பில் எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

விடி-ஈஎஃப்ஓ.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். "இது எப்படிப் புடிச்ச?" என்றேன். "எம்பரர் கனிஷ்கா தாத்தா. பேர் நல்லா இருந்துச்சு" என்றான்.

அவன்மேல் தப்பில்லை. பட்டியலில் அது ஒரு வரி. ஆனால் 1985 ஜூன் 23 ஆம் தேதியை என் வயதுக்காரர்கள் மறக்க முடியாது. கனடாவிலிருந்து லண்டன் வழியாக டெல்லி வரவேண்டிய ஏர் இந்தியா 182. அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலுக்கு மேலே, உள்ளே வைத்திருந்த குண்டு வெடித்தது. 329 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்க வந்துகொண்டிருந்த குழந்தைகள் எத்தனையோ பேர். நான் அப்போது வேலையில் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. மறுநாள் ஆசிரியர் அறையில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. செய்தித்தாள் மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தது.

இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். மேலே நான் எழுதிய எண்களிலும் அப்படிப்பட்டவை இருக்கின்றன என்றும் சொன்னேன். விடி-சிக்யூபி 1950 இல் மோன் பிளாங் மலையில் மோதியது. விடி-டிஎம்என் 1966 இல் அதே மலையில் மோதியது, ஹோமி பாபா அதில்தான் போனார். விடி-ஈபிடி 1978 புத்தாண்டு நாளில் பம்பாய்க் கடலில் விழுந்தது, 213 பேர். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த 787 இன் எண் விடி-ஏஎன்பி. அந்த வீடுகளில் இன்னும் அழுகை ஓயவில்லை.

"இந்த நம்பரை வெக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா தாத்தா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டரில் யார் என்ன எழுதினாலும் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. அஞ்சலியாக, நினைவுக்காக வைப்பவர்களும் இருக்கலாம். "தெரிஞ்சு வெச்சா அது வேற. தெரியாம வெச்சா, யாரோ ஒருத்தரோட சாவு வீட்டுல போய் விளையாடின மாதிரி" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

எழுந்து போய் மோர் குடித்துவிட்டு வந்தேன். மனசு ஒரு மாதிரி இருந்தது. குழந்தையிடம் இவ்வளவு சொல்லியிருக்க வேண்டுமா என்றும் தோன்றியது. அரை மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரே சத்தம்.

"தாத்தா! நம்ம ஊரு ராஜா தாத்தா!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏர் இந்தியா தன் ஜம்போக்களுக்கு மன்னர்கள் பெயர் வைத்தது எனக்குத் தெரியும். அசோகர், அக்பர் என்று கேட்டிருக்கிறேன். ராஜேந்திர சோழன் பெயரில் ஒன்று, விடி-ஈபிஎன், அதுவும் தெரியும். ஆனால் 1980 வாக்கில் வந்த விடி-ஈஜிபி-யின் பெயர் எம்பரர் மகேந்திர வர்மன்! நம் காஞ்சியில் இருந்து ஆண்டவன். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் மண்டகப்பட்டில் மும்மூர்த்திகளுக்குக் குகைக்கோயில் குடைந்தவன். காஞ்சித் தெருக்களையே களமாக வைத்து மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகம் எழுதியவன். அது மட்டுமா? 1988 இல் வந்த விடி-ஈபிஎக்ஸ், நரசிம்ம வர்மன். எந்த நரசிம்மன் என்றுதான் தெரியவில்லை. வாதாபியை வென்ற மாமல்லனா, கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மனா? இரண்டு பேரும் நம் ஊர்தான், யாராக இருந்தாலும் சரி.

34 வருஷம் பல்லவர் பாடம் நடத்தினேன். இரண்டு காஞ்சி மன்னர்கள் பெயரில் ஜம்போ விமானங்கள் உலகைச் சுற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதைச் சொல்லாமல், இல்லாத வைஸ்ராயைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேரன் விடி-ஈஜிபி என்று எழுதினான். தமிழில் எழுதும்போது இரண்டு ஆங்கில எழுத்தும் 'பி' ஆகிவிடுகிறதே என்றேன். "அதுக்குத்தான் தாத்தா பைலட்டெல்லாம் பிராவோ, பாப்பான்னு சொல்றாங்க. இது பிராவோ. விக்டர் டேங்கோ எக்கோ கால்ஃப் பிராவோ" என்று ஒப்பித்தான். மீனம்பாக்கத்தில் ஏறி, மேற்கே திருப்பி, காஞ்சிபுரத்துக்கு மேலே கொண்டுவந்தான். திரையில் ஏகாம்பரநாதர் கோபுரத்தைத் தேடினேன், சரியாகத் தெரியவில்லை. பாலாறு மட்டும் வெள்ளையாக, நிஜத்தில் இருப்பதுபோலவே தண்ணீர் இல்லாமல் கிடந்தது. மகேந்திர வர்மன் தன் ஊருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனான்.

இனி அந்தக் கடன்.

1988 ஆக இருக்கலாம். பத்தாம் வகுப்பு. பிள்ளையார்பாளையத்துப் பையன் ஒருவன், வீட்டில் தறி. காலையில் அப்பாவுக்குத் தறியில் உதவி செய்துவிட்டு, ஓடி வந்து கடைசி பெஞ்சில் உட்காருவான். அன்றைக்கு நான் கரும்பலகையில் விடி என்று எழுதி முடித்து, எல்லோரும் 'ஆ' என்று வாய் பிளந்திருந்த நேரத்தில் அவன் மட்டும் எழுந்து நின்றான். யாரோ கொடுத்த வெளிநாட்டுக் காலண்டரில் குவாண்டாஸ் விமானத்தின் படம் பார்த்தானாம். "சார், அதுல விஎச்-ன்னு போட்டிருக்கு. ஆஸ்திரேலியாவுல வைஸ்ராய் இல்லையே சார். அங்க ஏன் சார் வி?" என்று கேட்டான்.

மிகச் சரியான கேள்வி. ஒரே கேள்வியில் என் கதை முழுவதும் உடைந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "பாடத்துல இல்லாததைக் கேட்டு வகுப்பைக் கெடுக்காதே, உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பா, நீ எங்கே இருக்கிறாயோ தெரியாது. இந்தப் பதிவு யார் மூலமாவது உன் கண்ணில் படலாம். அன்றைக்கு நீ கேட்டதுதான் சரி. நான் சொன்னது தப்பு. உட்கார் என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. வாத்தியார் மன்னிப்புக் கேட்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைஸ்ராய் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால், நான்தான் சொன்னேன், நானே திருத்திவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். மேலே எழுதியதிலும் பிழை இருந்தால் கூச்சப்படாமல் சுட்டிக்காட்டுங்கள். இந்த முறை யாரையும் உட்காரச் சொல்ல மாட்டேன்.

பேரன் நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறான். அடுத்த விடுமுறைக்கு நரசிம்ம வர்மனை ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் அது மாமல்லனா ராஜசிம்மனா என்று கண்டுபிடித்து வைக்கச் சொல்லி எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்
காஞ்சிபுரம்